பஞ்சர் ஆகாத முன்சக்கரம்

ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் அந்த மாதத்திலேயே மூன்றாவது முறையாகப் பஞ்சர் ஆனது. முன்சக்கரமோ வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஆனதில்லை.

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தியதும் முன்சக்கரம் வழக்கம்போல ஆரம்பித்தது. "ரோட்டைப் பாத்து வரணும், தம்பி. நான் போற அதே ரோட்டுலதானே நீயும் வர்றே?"

"பாத்துத்தான் வர்றேன், அண்ணே," என்றது பின்சக்கரம். ஆனால் அதற்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. தன் ரப்பரிலேயே ஏதோ குறை இருக்கிறது, சீக்கிரம் தன்னைக் கழற்றி எறிந்துவிடுவார்கள் என்று பயந்துபோயிருந்தது.

கடைக்காரர் குறடால் ஆணியைப் பிடுங்கித் தரையில் போட்டார்.

"என்னை விட்டா உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று ஆணியிடம் கேட்டது பின்சக்கரம்.

"நான் பாட்டுக்கு ரோட்டுல படுத்துக் கிடந்தேன்," என்றது ஆணி. "முன்னால போனவர் என் தலையை மிதிச்சார். நான் எழுந்து நின்னுட்டேன். யாருன்னு பாக்கறதுக்குள்ள நீ வந்துட்டே."

முன்சக்கரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

கடைக்காரர் டியூபுக்கு ஒட்டுப் போட்டு, சக்கரத்தை மாட்டிக் காற்றடித்தார். காற்று ஏற ஏறப் பின்சக்கரத்துக்குச் சிரிப்பாக வந்தது.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் ஏதோ மினுங்கியதும் முன்சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் தள்ளிக் கிடந்த சோடா மூடியையும் சுற்றிக்கொண்டுதான் போனது.

"இப்படிப் போனா எப்போ வீடு போய்ச் சேர்றது, அண்ணே?" என்றது பின்சக்கரம். அதன் குரலில் அவசரமே இல்லை.