ஜன்னலை அடைத்தவள்

ஆபீஸ் ஜன்னலை அடைத்தது தன் மகள்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாக்கண்ணுவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கொழுந்தோடு முற்றல் இலையும் சேர்ந்து கூடைக்குள் போக, கங்காணி இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார்.

செய்தியைக் கொண்டுவந்தவள் அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா. எதையும் உப்பு புளி சேர்க்காமல் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு.

"ஆபீசுக்குப் புதுசா வந்த கம்பியூட்டர ஒம் மக தூக்கி ஜன்னலுக்கு நேரா வச்சுக்கிட்டா. பலகையும் சாத்தியாச்சு. நம்ம மொகத்தப் பாக்கக் கூடாதாம். இனி நம்ம கஷ்டத்த யாருகிட்டப் போயிச் சொல்றது?"

அந்த ஜன்னல் லேசுப்பட்டதல்ல. தலவாக்கலைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் தொழிலாளி எவரும் ஆபீஸ் வாசற்படியை மிதித்ததில்லை. பிள்ளை பேர் பதிவதோ, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதோ, எதுவானாலும் வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டும். மழை என்றால் நனைந்துகொண்டே பேச வேண்டும். அதுவும் தலையில் போட்டிருக்கும் கொங்காணிச் சாக்கை மரியாதைக்காக எடுத்துவிட்டு! வெள்ளைக்காரத் தொரை போட்ட வழக்கம். தோட்டம் அரசாங்கத்துக்கு வந்தது, நம் நாட்டுத் தொரை வந்தார், இப்போது கம்பியூட்டரும் வந்துவிட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை.

மகள் தவமணியைப் படிக்கவைத்து ஆபீஸ் வேலைக்கு அனுப்ப அம்மாக்கண்ணு பட்ட பாடு லயம் முழுக்கத் தெரியும். நம்ம பிள்ளை ஒருத்தி அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தால் நம்மை மனுசராக மதிப்பாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். இப்போது அந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

சாயங்காலம் மகளிடமே கேட்டாள். கம்பியூட்டர் வந்த நாளிலிருந்து தவமணிக்குக் கழுத்து வலி. அதன் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தபடியே நாள் முழுக்க வேலை செய்ய வேண்டியிருக்கிறதாம். பின்கழுத்தில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, ஜன்னலை எதற்கு அடைத்தாய் என்றாள் அம்மாக்கண்ணு.

"மெஷின அப்படித்தாம்மா வைக்கணும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பதில்தான் அம்மாக்கண்ணுவைப் போட்டு அரித்தது. எழுந்து அடுப்பைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். இவளா என் வயிற்றில் பிறந்தவள்?

மறுநாள் ஆபீஸ் நாள். ஜன்னலை அடைத்த பிறகு தொழிலாளிகளின் குறை கேட்கிற முதல் நாள். பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும், கூடையைக்கூட லயத்தில் வைக்காமல் அம்மாக்கண்ணு நேரே ஆபீசுக்கு நடந்தாள். மழை கொட்டியது.

ஜன்னலுக்கு முன்னால் ஒரு சனம் இல்லை. மகளுக்குப் பயந்து எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள் என்றே நினைத்தாள். சாத்தியிருந்த பலகையை ஓங்கித் தட்டினாள். பலகை திறக்கவில்லை. பக்கத்தில் கதவு திறந்திருந்தது. கோபத்தில் அவளுக்கு முன்பின் யோசனை ஓடவில்லை. விறுவிறுவென்று போய் மகள் முன்னால் நின்றாள்.

இரண்டு தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, அதற்கு மேலே சாமி மாதிரி கம்பியூட்டரை ஏற்றி வைத்திருந்தாள் தவமணி. முகவாயைத் தூக்கிப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, பெத்தவ மொகத்தப் பாக்க வெக்கமா இருக்கோ ஒனக்கு?"

பெரிய கிளாக்கர் அலோசியஸ் நிமிர்ந்தார். அவருக்கும் அந்தக் கம்பியூட்டரின் மேல் ஏற்கனவே கடுப்பு.

"நல்லாக் கேளு, அம்மாக்கண்ணு. கொழும்புலேருந்து வந்த ஆளு செவுத்தோரமா, கண்ணு மட்டத்துக்கு, கழுத்து நோகாம அழகா வச்சுக் குடுத்துட்டுத்தான் போனாரு. ஒம் மகதான் செவுத்துல ஈரம் ஊறுதுன்னு தொரைகிட்டச் சொல்லி, ஜன்னலுக்கு நேரா ஒசத்தி வச்சுக்கிட்டா."

சொல்லிவிட்டு, பேப்பர்க் கட்டை எடுத்துக்கொண்டு தொரையின் அறைக்குள் போனார்.

ஆக, வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள். பேச்சியம்மா சொன்னது அத்தனையும் நிஜம். அம்மாக்கண்ணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தவமணி தொரையின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து வந்து தாயின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நீ இப்ப எங்கம்மா நிக்கிற?"

அம்மாக்கண்ணு குனிந்து பார்த்தாள். காலுக்குக் கீழே ஆபீஸ் சிமெண்டுத் தரை. திரும்பினாள். கதவோரம் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அதில் லயத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளாகப் பேச்சியம்மா, தலையைத் துவட்டிக்கொண்டு.

"நான் வேணும்னுதான் ஜன்னல அடைச்சேன்னு வெளிய தெரிஞ்சா இந்தக் கதவையும் சாத்திருவாங்கன்னுதாம்மா ஒங்கிட்டகூடச் சொல்லல. மனுசங்க நனையிறாங்க, உள்ள விடுங்கன்னு சங்கத்துத் தலைவரு வருசக்கணக்காக் கெஞ்சினாரு. தொரை காதுல விழல. ஜன்னலத் தொறந்து வச்சா சாரல்ல மெஷின் நனையும்னு நான் ஒரு தடவதான் சொன்னேன். அன்னிக்கே எல்லாரையும் உள்ள கூப்பிட்டுப் பேசச் சொல்லிட்டாரு."