ரெண்டு குரல் கேட்டா குழம்பிடும்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் அவளுக்குப் பயம். குளியலறை, சோப்புத் தண்ணீர், கால் வழுக்கியது, கையை ஊன்றினேன். வழியெல்லாம் கணவர் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா அவளுடைய வலது மணிக்கட்டின் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் கம்ப்யூட்டர் மேல்தான்.

"நாம பேசறதைக் கேட்டு இந்த ஏஐ தானே கேஸ் ஷீட் எழுதிடும். சம்மதம்தானேம்மா?"

"தாராளமா எழுதட்டும் டாக்டர்," என்றார் கணவர்.

"எப்படி அடிபட்டது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டா. இவளுக்கு நிதானமே கிடையாது."

"விழறதுக்கு முன்னாடி தலை சுத்துச்சாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

கணவரின் கை அவள் தோள்மேல் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அன்பாகத்தான் தெரியும்.

டாக்டரம்மா எரிந்து விழுந்தார். "சார், ரெண்டு குரல் கேட்டா இது குழம்பிடும். யாருக்கு வலின்னே தெரியாம கன்னாபின்னான்னு எழுதும். கொஞ்சம் வெளிய உட்காருங்க."

"நான் வாயே திறக்கல. ஓரமா நிக்கறேன்."

"நீங்க இருமினாக்கூட எழுதும் சார். மறுபடி நான் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்க பாருங்க."

கணவர் சிரித்தார். "வீட்லதான் என் பேச்சு எடுபடலன்னு பார்த்தா, இங்கயுமா?"

எழுந்தவர் அவள் காதோரம் குனிந்து, "சொன்னதை மட்டும் சொல்லு," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

மனுஷியை ஏறெடுத்துப் பார்க்க நேரமில்லை, மிஷினுக்கு மட்டும் இத்தனை உபசாரம். என்ன டாக்டரோ.

"சோப்புத் தண்ணியில..." என்று ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா கையமர்த்திவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். 'நோயாளி' என்ற பெயரில், இப்போது அவள் சொன்ன அரை வரியைத் தவிர ஒன்றுமில்லை. மற்ற பதில் எல்லாம் 'கணவர்' பெயரில். அதில் கடைசி வரி: 'கணவர், தணிந்த குரலில்: சொன்னதை மட்டும் சொல்லு.'

"பத்துப் பேர் ஒண்ணாப் பேசினாலும் இது பிரிச்சு எழுதிடும்மா," என்றார் டாக்டரம்மா, இப்போது அவள் முகத்தைப் பார்த்து. "குழம்பும்னு சொன்னது, அவரை வெளிய அனுப்பறதுக்கு. இனிமே எழுதணுமா, நிறுத்தணுமா? நீங்க சொல்றதுதான்."

கதவுக்கு வெளியே கணவரின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

"எழுதட்டும்," என்றாள். எழுந்து போய், இடது கையால் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.