பீரோவுக்குள் பேசியவள்

வீட்டிலிருந்தே வேலை என்று தானாக வந்த குறுஞ்செய்தியை மங்கையர்க்கரசி மூன்று நாள் நம்பவில்லை. முன்பணம் கேட்டால் மோசடி, கேட்காவிட்டால் நிஜம் என்பது அவள் கணக்கு. அவர்கள் கேட்கவில்லை. அனுப்பும் வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து கொடுத்தால் போதும் என்றார்கள். முதல் வாரமே கூலியும் வந்தது. தெருச் சத்தம் விழாமலிருக்க, பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பேசுவாள். "இன்னும் கொஞ்சம் பாசமா" என்று எழுதி வரும். பாசத்தைக் கூட்டுவாள். ஒருமுறை நடுவில் குக்கர் விசிலடித்துவிட்டது. திரும்பப் பேசித் தரவா என்று கேட்டாள். "வேண்டாம், வீடு மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

இன்று கீழ்வீட்டு நஸ்ரின் வெறுங்கழுத்தோடு வந்து நின்றாள். "வீட்டுக்கே தையல் ஆர்டர் தர்றோம்னாங்கக்கா. செயினை வித்துக் கட்டினேன். இப்ப அந்த நம்பரே இல்லைங்குது." அவர்கள் அனுப்பிய குரலை ஓடவிட்டுப் போனை மேசைமேல் வைத்தாள்.

"பயப்படாதம்மா. நானும் உன்னை மாதிரி வீட்ல இருக்கிறவதான். நான் போய் உன்னை ஏமாத்துவேனா?"

பின்னால் குக்கர் ஒரு விசிலடித்து அடங்கியது.

"உங்க குரல் மாதிரியே இருந்துச்சுக்கா" என்றாள் நஸ்ரின், அவள் முகத்தையே பார்த்தபடி. "அதான் நம்பினேன்."

"நான் போய் உன்னை..." என்று பதறி ஆரம்பித்த மங்கையர்க்கரசி பாதியில் நிறுத்தினாள். மீதியைப் போன் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தது.