பாதிப் பாதம்

"பாராசூட் பட்டாளத்துல இருந்த முத்திருளன் நீங்கதான?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைத்துரை நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினான்.

எழுமலைக்கு வெளியே தோட்டத்தில் தனிக்கட்டையாக இருந்த கிழவருக்கு, தன்னைத் தேடி ஓர் ஆள் வந்ததே பெரிய சந்தோஷம். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "யாரு பெத்த புள்ளப்பா நீ?"

"திருமங்கலம் நல்லகாமன் பேரன். தாத்தா சண்டையில காயம்பட்டதப் பத்தி விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

கிழவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

உலக யுத்தத்துக்குப் போனவர்களின் பெயரைப் பள்ளிக்கூடத்துக் கல்லில் பொறிக்கப் போகிறார்கள். வானத்திலிருந்து குதிக்கும்போது ஜப்பான்காரன் சுட்டுத்தான் வலது பாதத்தில் பாதி போச்சு என்பார் நல்லகாமன். அதற்கு ஒரு சான்று வேண்டுமென்று பேரன் பட்டாளத்து ஆபீசுக்கு ஒன்றரை வருஷம் விடாமல் எழுதினான்.

முந்தாநாள் பதில் வந்தது. அதில் குண்டும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. விமானம் ஏறுவதற்கு முதல் நாள் முகாமில் பட்ட கோடாலி வெட்டு. வெட்டியதாக ஒப்புக்கொண்டு ஒரு வருஷம் சிறைக்குப் போனவர் முத்திருளன். எழுமலை பஸ்ஸைக் கண்டாலே தாத்தா ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பது வெள்ளைத்துரைக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

கடிதத்தை நீட்டினான். "இது நெசமா?"

"எனக்கு ஏதுப்பா இங்கிலீசு. என்ன போட்டிருக்கு?"

"நீங்க வெட்டுனதாப் போட்டிருக்கு."

"நல்லகாமன் என்ன சொல்றான்?"

"ஜப்பான்காரன் சுட்டான்னுதான் இன்னைக்கும் சொல்றாரு. உங்களக் காட்டிக் குடுக்கல. அம்புட்டு நல்ல மனுசன்."

முத்திருளன் கடிதத்தை மடித்து அவனிடமே கொடுத்தார். "அப்பச் சரி. நான்தான் வெட்டுனேன்."

"எதுக்குய்யா வெட்டுன?" மரியாதை அதோடு போயிற்று.

"குடிவெறியில என்னமோ சண்ட. விட்ருப்பா."

விடுவதற்காகவா வந்தான்? நோட்டு பைக்குள் போனது, அரிவாள் வெளியே வந்தது. பி.ஏ. படித்தவன், கே.கே. நகரில் உத்தியோகம் பார்க்கிறவன்தான். வெட்டுக்கு வெட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் பி.ஏ.வா ஞாபகம் வரும்?

முதல் வெட்டு கணுக்காலில் விழுந்தது. கிழவர் கட்டிலோடு சரிந்தார். இரண்டாவது வெட்டில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பீறிட்ட ரத்தத்தில் வெள்ளைத்துரையின் வேட்டி நனைந்தது. பக்கத்துத் தோட்டத்தில் களையெடுத்தவர்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

முத்திருளன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஓடிருப்பா, ஆளு வருது" என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் சைக்கிள் திருமங்கலத்தில் வந்து நின்றபோது நல்லகாமன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பேரன் வாசலிலேயே கத்தினான். "தாத்தா, உன் காலுக்குப் பதில் வாங்கிட்டேன்! எழுமலை முத்திருளன வெட்டிட்டேன்!"

நல்லகாமன் பதறி எழுந்தார். பாதிப் பாதம் நிலைகொள்ளாமல் குப்புற விழுந்தார். தவழ்ந்து வந்து பேரனின் வேட்டியைப் பிடித்தார். கையெல்லாம் ரத்தம் பிசுபிசுத்தது.

"உசுரு இருக்காடா?"

"இருந்துச்சு. கால்லதான் போட்டேன். ஆளுக தூக்கிட்டுப் போனாங்க."

"அவன் உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னான். நான்தான் வெட்டுனேன்னான்."

நல்லகாமன் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "பொண்டாட்டி புள்ள இருக்கவன் நீ, செயிலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லி எனக்காகப் போனவன்டா அவன்! அவனையாடா வெட்டுன?"

"அப்ப உன் கால வெட்டுனது யாரு?"

"குதிக்கப் பயந்து நானே வெட்டிக்கிட்டேன்டா."