வெறுங்கழுத்து

“ரெட்டை எஞ்சின் படகை என் தாலிக்கயிறுதான் அத்தை கரை சேர்த்துச்சு. முப்பது பேரு! ஒருத்தருக்குக்கூட முந்தானை நனையல!”

வாசலில் வெறுங்கழுத்தோடு நின்று வேதா இப்படிச் சொன்னதும், மாமியார் ஜோதியம்மாள் போட்ட கூச்சலில் ராஜகோபுரத்துப் புறா அத்தனையும் எழும்பி, மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்ப வந்து உட்கார்ந்தன.

“ஆடிப்பதினெட்டும் அதுவுமா காலையில புதுக்கயிறு மாத்திக்கினு போனவ, மொட்டைக் கழுத்தா வந்து நிக்கிறாளே! என் புள்ள உசுரோட இருக்கும்போதே!”

“உங்க புள்ள முழுசாத்தான் வர்றாரு, பாருங்க. தாலிப்பொட்டு என் முந்தானையில பத்திரமா இருக்கு. கயிறு மட்டும்தான் சாத்தனூர் டேம்ல.”

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பத்தடி தள்ளியே வந்த சகாதேவன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவோரம் நின்றான். டேம் படகுக்கு அவன்தான் மெக்கானிக். பின்பக்கத்து இரண்டு எஞ்சினும் ஒரே பக்கம் திரும்பும்படி நடுவில் ஒரு டை ராடு இருக்கும். அதற்கு கிரீஸ் வைத்து, முனையில் அதைப் பூட்டியிருக்கும் பின் ஆணியைச் சரிபார்ப்பது அவன் வேலை.

“நடுத்தண்ணியில அந்தப் பின்னு கழண்டு விழுந்துடுச்சு அத்தை. ஒரு எஞ்சின் கிழக்கால இழுக்குது, ஒண்ணு மேற்கால இழுக்குது. படகு பம்பரமாட்டம் சுத்துது. கயிறைக் கழட்டி, பின்னு இருந்த ஓட்டையில கோத்துக் கட்டினதும் பசுமாடாட்டம் கரைக்கு வந்துச்சு.”

“பழைய கயிறு இன்னாச்சு? அதைக் கட்டறது!”

“அதைத்தான் போனவுடனே ஆத்துல விட்டாச்சே!”

ஜோதியம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். “டேய் சகா, நெசமாடா?”

சகாதேவன் மலையைப் பார்த்தான். பின் ஆணி கழன்ற சேதி ஆபீசுக்கு எட்டினால் வேலை போய்விடும். “அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலம்மா. நான் போட்ட பின்னு எப்படிக் கழலும்?”

வேதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு டேமே வற்றியிருக்க வேண்டும்.

“கேட்டியாடி? கழுத்துல கயிறு ஏறாம என் வாசப்படி ஏறாத!”

“ஏறல. இந்தக் கழுத்தோடவே தேரடி வீதியில நாலு சுத்து சுத்தறேன். கேக்கறவங்க கிட்டல்லாம் முப்பது உசுரு காப்பாத்துன கழுத்துன்னு சொல்றேன். மூடிக்க மட்டும் மாட்டேன்!” தோளைச் சுற்றியிருந்த முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வேதா திரும்பி நடந்தாள்.

ஜோதியம்மாள் பதறிப்போய் உள்ளே ஓடி, சாமி மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து வந்தாள். “போகாதடி, மானம் போவுது! டேய், நீயே கட்டித் தொலை. கையை நீட்டு!”

சகாதேவன் அசையவில்லை.

“நீட்டுடான்னா!”

நீட்டினான். பத்து விரலிலும் கிரீஸ் கறுப்பு. அதன்மேல், விரல் நுனிகளில் மட்டும் பளிச்சென்று புதுமஞ்சள்.

ஜோதியம்மாள் விரல்களைப் பார்த்தாள். பிறகு மகன் முகத்தைப் பார்த்தாள்.

“டை ராடுக்கு ஒரு முடிச்சே போதும்மா,” என்றான் சகாதேவன். “பழக்கதோஷத்துல மூணு போட்டுட்டேன்.”