முக்கால் மணி நேரப் பேரம்

"மூவாயிரம் குறைங்க. இல்லேன்னா நாங்க கிளம்புறோம்" என்றார் பல் டாக்டரம்மா.

கடையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

ரிமோட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்குக் கடையில் வைத்த பேர் அது. முதலாளி கண்ணைக் காட்டினால் போதும், டி.வி. பக்கமிருந்து ஏ.சி. பக்கம் பாய்ந்து போய் நிற்பான். ஆறு வருஷமாக இங்கே விற்பனையில் இருக்கிறான். முதலாளி விலை குறைத்து அவன் பார்த்ததே கிடையாது. சொந்த மச்சான் வாஷிங் மெஷின் வாங்க வந்தபோதே ஸ்டிக்கரில் போட்ட விலையைக் கறாராக வாங்கிய மனுஷர்.

"டாக்டர், உங்களுக்குத் தெரியாததா? இங்க ஒரே விலைதான்" என்றார் முதலாளி.

"எனக்கா கேட்கிறேன்? இவளுக்கு."

டாக்டரம்மாவின் பின்னால், அவருடைய கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கிற பெண் பர்ஸை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். வந்ததுமே ரிமோட்டிடம் விவரம் சொல்லிவிட்டாள். மகளுக்குத் தினமும் ஊசி போட வேண்டும். மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும். இப்போது கிளினிக் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள். லீவு நாள் வந்தால் திண்டாட்டம். எட்டு மாசமாகச் சேர்த்ததில் பன்னிரண்டாயிரம் தேறியிருக்கிறது. இருப்பதிலேயே சின்ன ஃப்ரிட்ஜின் விலை பதினைந்தாயிரம்.

ரிமோட்டுக்கு டாக்டரம்மா மேல்தான் எரிச்சலாக வந்தது. வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்தவர். ஒரு ரூட் கெனால் செய்தால் அந்த மூவாயிரம் வந்துவிடும். அதைத் தானே போட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. நல்ல பேர் இவருக்கு, நஷ்டம் கடைக்கா?

"தம்பி, கதவைத் திறங்க."

திறந்தான். டாக்டரம்மா கைப்பையிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்தார். பல்லைப் பார்ப்பது போலவே ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு மூலை மூலையாகப் பார்த்தார். பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"தயாரிச்சு பதினாலு மாசம் ஆச்சு. போன வருஷத்துச் சரக்கு."

"கெட்டுப் போறதுக்கு இது என்ன பாலா டாக்டர்?"

"புது மாடல் பக்கத்துலயே நிக்குது. இனிமே இதை யார் தொடுவா? உங்க குடோன்ல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கும்."

முதலாளி தாடையைத் தடவினார். "சரி, ஐந்நூறு குறைக்கிறேன்."

ரிமோட் தன் காதையே நம்பவில்லை. குறைக்கிறேன் என்றா சொன்னார்?

"இங்க பாருங்க, ஒரு கீறல்."

"அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி வச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

"சொத்தைப் பல்லை உதட்டால மூடிக்குங்கன்னு நான் சொன்னா நீங்க விடுவீங்களா?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. "ஆயிரம். இதுக்கு மேல பேசாதீங்க."

அந்தப் பெண் கூனிக் குறுகி டாக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கம்மா. ரெண்டு மாசம் கழிச்சு நானே வந்து வாங்கிக்கிறேன். வெக்கமா இருக்கு."

"நீ சும்மா இரு. வா போகலாம்."

விறுவிறுவென்று நடந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"ஆயிரத்து எண்ணூறு!"

திரும்பவில்லை.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு!"

இன்னொரு காலும் வெளியே போனது. 

"அட, வாங்க டாக்டர்! பன்னிரண்டுக்கே எடுத்துக்குங்க!"

டாக்டரம்மா நிதானமாகத் திரும்பி வந்தார். "இவ வீட்டுல கரண்ட் ஏறி ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர்?"

முதலாளி மேஜையில் ஓங்கித் தட்டினார். "அதையும் தூக்கிட்டுப் போங்க!"

டி.வி. வாங்க வந்த ஒருத்தர் கை தட்டியே விட்டார். ரிமோட்டுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிடிக்காத மனுஷிதான். ஆனாலும் என்ன வாய், என்ன சாமர்த்தியம்!

அந்தப் பெண் பில்லை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எதுவும் போடலையே?"

"நான் எதுக்குப் போடணும்? வாய் வலிக்கப் பேசியிருக்கேன், அது போதாதா?"

அவள் முகம் மலர்ந்தது. தன் பணத்தில் தான் வாங்கிய ஃப்ரிட்ஜை ஒரு கையால் பிடித்தபடி, டெலிவரி வண்டியில் பின்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியும் காரும் தெரு முனை திரும்பியதும் ரிமோட்டால் அடக்க முடியவில்லை.

"கார்ல வர்றவங்க அந்த மூவாயிரத்தைத் தானே கொடுக்கக் கூடாதா முதலாளி? உங்க தலையில கட்டிட்டுப் போறாங்களே!"

முதலாளி கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நேத்தே கொடுத்துட்டாங்கடா."

"என்னது?"

"முதல்ல அவகிட்டயேதான் நீட்டியிருக்காங்க. சம்பளத்துக்கு மேல ஒத்தைக் காசு வேண்டாம்னுட்டாளாம். அதான் நேத்து இங்க வந்து என்கிட்ட கட்டிட்டு, இன்னிக்கு அவளைக் கூட்டிட்டு வந்தாங்க."

ரிமோட் தெரு முனையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "அப்ப ஸ்டெபிலைசர்?"

"அது நேத்துப் பேசினதுல இல்ல. அந்தம்மா போட்ட போடுல நிஜமாவே வாயை விட்டுட்டேன்" என்று சிரித்தார் முதலாளி.

"காசுதான் கைக்கு வந்துடுச்சே, கேட்டதுமே குறைச்சிருக்கலாமே? எதுக்கு முக்கால் மணி நேரம் இந்தச் சண்டை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'லேசுல இறங்கிடாதீங்க, அவளுக்குச் சந்தேகம் வந்துடும். பார்க்கிறவங்க என்னைக் கஞ்சம்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்'னாங்க."