மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன்

“போதும்மா, நிறுத்து! ரெண்டு வருஷம், பதினேழு தோல்வி. இந்தத் தடவையும் கோடு விழலைன்னா இன்னையோட இந்த ஆராய்ச்சிக்கு ஒரு முழுக்கு!”

தூனிஸ் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஹெதி கத்தினார். ஆராய்ச்சியாளர் ஒல்ஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை சத்தமில்லாமல் நழுவி, மறுநாள் கன்னம் சிவக்க வந்து நிற்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? கடற்கரைக் காபிக் கடையில் காற்று வாங்கப் போகிறார் என்று கூடமே சிரிக்கிறது.

“அஞ்சு நிமிஷம் பொறுங்க டாக்டர். கடல் எங்கயும் ஓடிப் போயிடாது.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கண் திரையை விட்டு அகலவில்லை.

ஆஸ்பத்திரி பேர் சொல்லாமல் செல் அனுப்பிவைக்கும் ஒல்ஃபாவின் நோயாளிக்கு, ரத்தத்துக்கு வேண்டிய ஒரு புரதம் ஊறுவதே இல்லை. ஊரார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் உயிர் வாழ்கிறார். எல்லார் செல்லிலும் மரபணுவின் நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, மணி கோப்பதுபோலப் புரதம் கோக்கிற வேலை நடக்கும். இவருடைய நகலில் பாதி வழியிலேயே ‘நிறுத்து’ என்று ஒரு தப்பான கட்டளை. செல்லும் அப்பாவியாக வேலையை விட்டுவிடும். அந்தக் கட்டளையைத் தாண்ட வைக்கத்தான் அவள் மருந்து.

திரையில் மூன்று பட்டைகள் தெரிந்தன. முழுப் புரதம் இருக்கிற பட்டையில்தான் கோடு விழும். எது யாருடையது என்பது ஆஸ்பத்திரி ஒட்டி அனுப்பிய உறைக்குள்.

முதல் பட்டையில் பளிச்சென்று கோடு. இரண்டாவது வெறுமை. மூன்றாவதில்... ஒல்ஃபா திரையருகே குனிந்தாள். மெல்லிசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் ஒரு கோடு!

“உறையைப் பிரிம்மா, சீக்கிரம்!” டாக்டர் ஹெதி உறையை எடுத்து நீட்டினார்.

கிழித்துப் படித்தாள். “ஒண்ணு, ஆரோக்கியமான ஆள். ரெண்டு, நோயாளி, மருந்து இல்லாம. மூணு... அதே நோயாளி, மருந்தோட! தாண்டிடுச்சு டாக்டர்! முழுப் புரதம்!”

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையே ஓடிவந்தது. யாரோ மக்ரூத் இனிப்பு வாங்க ஓடினார்கள்.

“அந்த ஆளுக்கு முதல்ல சொல்லணும்! பேரு தெரியாட்டி என்ன, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுச் சொல்லச் சொல்றேன்.”

டாக்டர் ஹெதி அவள் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

“வேண்டாம்மா. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. பதினேழு தடவை ஆசைப்பட்டு ஏமாந்த மனுஷன்.”

சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கை மடிப்பெல்லாம் ரத்தம் ஏற்றிய ஊசித் தழும்பு.

“இது மருந்தாகி வரட்டும். அப்புறம் எல்லா வியாழக்கிழமையும் நானும் வேலைக்கு வர்றேன்.”